கம்பளிக் குழந்தை

பிப்ரவரி 4

அன்புள்ள டெய்லருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நம் பெண் பொட்டலமும் எப்படி இருக்கிறீர்கள்? 'நன்றாக இருக்கிறாள்' என்று ஒற்றை வரியில் முடிக்காதே. எப்படி நன்றாக இருக்கிறாள் என்று எழுது.

இங்கே போன் என்பது வெறும் கைவிளக்குதான். நான்கு பக்கமும் மலை உட்கார்ந்துகொண்டு துளி சிக்னல் விட மாட்டேன் என்கிறது. வாரம் ஒருமுறை சாமான் லாரி கீழே போகும். என் கடிதமும் அதில்தான் போக வேண்டும், உன் பதிலும் அதில்தான் வர வேண்டும். எனக்கு ஒரு கன்டெய்னர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர், மூடினால் வேக்காடு. சுரங்கப்பாதையை மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைகிறார்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தப்பிப் போகாமல் சேர வைப்பது என் பொறுப்பு. தொப்பியில் 'தலைமை சர்வேயர்' என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அழுதால் நன்றாக இருக்காது என்று அறைக்கு வந்து கழற்றிவிட்டு அழுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆறு மாதக் குழந்தைக்கு அம்மா முகம் எத்தனை நாள் நினைவிருக்கும் என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது? முகம் மறந்தால் மறக்கட்டும், என் கை மறக்கக் கூடாது. அதனால் தினமும் குளிப்பாட்டும் முன் நான் எப்படி எண்ணெய் தடவி நீவிவிடுவேனோ அப்படியே நீயும் செய்ய வேண்டும். எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கு. அடுப்பில் வைக்காதே, உன்னைத் தெரியும். பாதத்தில் ஆரம்பித்துக் கால், பிறகு வயிறு, நெஞ்சு, கை. கடைசியில் கவிழ்த்துப் போட்டு முதுகு, மேலிருந்து கீழாக. வயிற்றில் வட்டம் கடிகார முள் போகிற பக்கம். வரிசை மாறக் கூடாது. நான் திரும்பி வந்து கை வைக்கும்போது அது அவளுக்குப் பழைய கையாக இருக்க வேண்டும். எட்டு மாதம் என் கைக்குப் பதில் உன் கை, அவ்வளவுதான்.

உன்,
சர்வேயர்

பிப்ரவரி 15

அன்புள்ள சர்வேயர் அம்மாவுக்கு,

நான் நலம். பொட்டலம் என்னைவிட நலம். தொண்டையின் வலுவை வைத்துச் சொல்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தொப்பியைச் சாப்பிட முடியாது.

உன் ஆணைப்படி முதல் நாளே ஆரம்பித்தேன். எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால் துணி வெட்டும் மேசையில் போர்வையை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். பாதத்தைத் தொட்டதும் வாயைத் திறந்தவள் முதுகு வரும்வரை மூடவில்லை. கீழ்வீட்டு டிரைவர் படியேறி வந்துவிட்டார். "என்னப்பா, கொழந்தையா ஹாரனா?" என்றார். மாடிவீட்டுக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "இப்படி அழுத்தினா எலும்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அளவு கொடுக்க வந்த அம்மாள், "அழுத்தாம தடவினா ரத்தம் எப்படி ஓடும்?" என்று அவளிடம் சண்டைக்குப் போனாள். ஆளாளுக்கு நாட்டாமை. நடுவில் பொட்டலம் மேசையில் ஒன்றுக்குப் போய், பாதி வெட்டிய ஒரு சட்டைத் துணி ஸ்வாகா.

குற்றம் என் கட்டைவிரலிலும் இருக்கிறது. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருக்கிறது. கால் தேய்க்கும் கல்லை எடுத்து விரலைத் தேய்த்தேன். இப்போது விரல் மிருதுவாகிவிட்டது, கத்தரிக்கோல் பிடித்தால்தான் வலிக்கிறது. இன்று மறுபடி முயன்றேன், மறுபடி ஹாரன். நானும் விடப்போவதில்லை.

அன்புடன்,
டெய்லர்

பிப்ரவரி 23

அன்புள்ள டெய்லருக்கு,

எனக்குச் சளி பிடித்துவிட்டது, மற்றபடி நலம். உன் இடுப்பு தேவலையா?

தேவலை என்றால் தரையில் உட்கார். வெட்டும் மேசையில் போட என் குழந்தை என்ன துணியா? படித்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன், பிறகு எடுத்து நீவி மறுபடி படித்தேன். நீ அவளைத் துணியை நீவுகிற மாதிரி நீவுகிறாய், அங்கேதான் தப்பு. நான் நீவினால் சிரிப்பாளே? கொட்டாவி விடுவாளே? அதே குழந்தைதானே? நான் எழுதியதை வரிசை தப்பாமல் செய்தால் ஏன் அழப்போகிறாள்? ஊரார் வாயைக் கேட்காதே, கதவைச் சாத்திவிட்டுச் செய்.

இன்னொன்று. சிரிக்கக் கூடாது. நான் கிளம்புகிற அன்று விளையாட்டாக அவளுக்கு உன் டேப்பை வைத்து அளவு எடுத்தாயே, கால் நீளம், மார்பு, இடுப்பு எல்லாம்? அந்தச் சீட்டு என் பெட்டியில் இருந்தது. இங்கே கொடுத்த கம்பளியை அதே அளவுக்கு உருட்டி நூலால் கட்டி, கால்களுக்கு என் இரண்டு காலுறையில் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் தினமும் அதை மடியில் போட்டு நீவிவிடுகிறேன். கை மறக்கக் கூடாது இல்லையா? நேற்று கேன்டீன்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். சாப்பாட்டு வரிசையில், "மேடம், கொழந்த தூங்கிடுச்சா?" என்று கேட்கிறார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நீ ஒழுங்காகச் செய்.

உன்,
சர்வேயர்

மார்ச் 14

அன்புள்ள சர்வேயருக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் சளி விட்டதா?

மூன்று லாரி வந்து போயும் எழுதவில்லை, மன்னித்துக்கொள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற காலம். வீடு முழுக்க நீலத் துணி, பொட்டலம் நடுவில் மிதக்கிறாள்.

எண்ணெய் விஷயம் இப்போது பிரச்சினை இல்லை. நீ சொன்னபடிதான் நடக்கிறது. கத்துவதை நிறுத்திவிட்டாள். கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கிறாள். மெஷின் சத்தம் அவளுக்குப் பிடித்திருக்கிறது போல. நீல அரைக்கால்சட்டை ஒன்றில் எண்ணெய் பட்டுப் பள்ளிக்கூடத்தாரிடம் திட்டு வாங்கினேன், அது கிடக்கிறது. காஜா போட இன்னும் ஒரு மலை இருக்கிறது, உன் மலையைப் போலவே. இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
டெய்லர்

மார்ச் 22

என் அருமை டெய்லருக்கு,

சளி பறந்துவிட்டது, உன் கடிதம்தான் மருந்து. நீங்கள் இருவரும் இப்படியே சுகமாக இருங்கள்.

பார்த்தாயா? வரிசைப்படி செய்தால் அழமாட்டாள் என்று சொன்னேனா இல்லையா? கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கிறாள் என்று நீ எழுதியதை மூன்று பேருக்குப் படித்துக்காட்டினேன். இங்கே முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், இரண்டு பிள்ளை பெற்றவள். "ஏழெட்டு மாசத்துக் கொழந்தை ஒரு நிமிஷம் படுத்துக் கெடக்காதே" என்றாள். எங்கள் வீட்டுக் குழந்தை அப்படி இல்லை என்றேன். பெருமையாக இருந்தது. எண்ணெய் எப்படிக் கால்சட்டையில் பட்டது? தடவுகிற இடத்திலா துணியைப் போட்டு வைக்கிறாய்? நகர்த்து.

இனி கெட்ட செய்தி. ஏப்ரலில் விடுப்பு என்றார்களே, அது இல்லை. வடக்குப் பக்கம் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அது அடங்கும்வரை யாரும் இறங்கக் கூடாதாம். மேலதிகாரியின் அறையில் போய்க் கத்திவிட்டு வந்தேன். "ஆம்பள சர்வேயர் யாரும் லீவுக்கு இப்படிக் கேக்கறதில்ல" என்றான். ஆண் சர்வேயருக்கு வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், எனக்கு டெய்லர்தான் இருக்கிறான் என்றேன். மே மாதம் நான்கு நாள் தருகிறானாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கம்பளிக் குழந்தையைத்தான் கட்டிக்கொண்டு படுக்கிறேன்.

நீ செய்வதை மட்டும் விடாதே.

உன்,
சர்வேயர்

ஏப்ரல் 25

அன்புள்ள சர்வேயருக்கு,

நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் அடங்கியதா? உன் கோபம் அடங்கியதா?

பொட்டலத்துக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. அவற்றின் கூர்மையை என் தோளில் பார்த்தேன். தவழ்கிறாள் என்று சொல்ல முடியாது, ஓடுகிறாள், முட்டியால். நூல் சுற்றிய பாபின் எல்லாவற்றையும் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறாள். தடவல் நடக்கிறது, நீ சொன்னபடிதான். நிறைய வளர்ந்துவிட்டாள். புதிதாக அளவு எடுத்து அனுப்பட்டுமா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய விஷயம் இல்லை. நீ நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். மே மாதம் வருகிறாய் அல்லவா, அது போதும்.

அன்புடன்,
டெய்லர்

மே 29

அன்புள்ள சர்வேயருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

நான்கு நாள் என்று வந்தவள் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டாய். லாரி மேலே போகும் நாளை மாற்றிவிட்டார்கள் என்றாய். நான் கேள்வி கேட்கவில்லை. பேருந்தில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டலம் கையை ஆட்டினாள். நிஜமாகவே ஆட்டினாள், நான் பிடித்து ஆட்டவில்லை.

அவள் அழுததை மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்த வயதில் புது ஆள் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான். போன வாரம் தபால்காரரைப் பார்த்துக்கூட அழுதாள்.

பதில் எழுது.

டெய்லர்

பின்குறிப்பு, ஜூன் 7: மேலே எழுதியதைத் தபாலில் போடலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன். இரண்டு லாரி வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அதனால் அப்படியே போடுகிறேன். தபால்காரர் வரி தப்பு என்று தெரிகிறது. அடித்தால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஜூன் 24

டெய்லர் அவர்களுக்கு,

நான் நலம்தான். உங்கள் இருவரின் நலத்தைக் கேட்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன்.

தபால்காரரோடு என்னை ஒரே வரிசையில் நிறுத்தியதற்கு நன்றி. அவராவது வாரத்தில் மூன்று நாள் வருகிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது அவள் உங்கள் இடுப்பில் இருந்தாள். உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். சரி, முகம் மறக்கும் என்று தெரிந்துதானே போனேன். மறுநாள் காலை வரட்டும் என்று இருந்தேன். தரையில் விரித்து, உள்ளங்கையில் எண்ணெயைச் சூடாக்கி, பாதத்தைப் பிடித்தேன். என் கை அவள் காலைச் சுற்றி வரவில்லை. நான் தினமும் பழகியது வேறு கால். பிப்ரவரி மாதத்துக் கால். நீங்கள் புது அளவு அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள், நேரில் பார்க்கப்போகிறேனே என்று நான்தான் பதில் எழுதவில்லை. சர்வேயர் செய்கிற வேலையா இது? பழைய அளவை வைத்துக்கொண்டு ஒரு கம்பளியை இத்தனை மாதம் கொஞ்சியிருக்கிறேன்.

அவள் கத்தினாள். எண்ணெயோடு வழுக்கிக்கொண்டு உங்களிடம் ஓடினாள். நீங்கள் முக்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. தூக்கி மடியில் போட்டீர்கள், மெஷினை மிதித்தீர்கள், இடது கையால் முதுகைத் தடவினீர்கள். கீழிருந்து மேலாக! அவள் இரண்டு விக்கல் விக்கி அடங்கிவிட்டாள். அது புதுப் பழக்கமா? இல்லை. எத்தனையோ நாளாகப் பழகிய இடத்தில் போய்ப் படுக்கிறவள்போலப் படுத்தாள். கால்சட்டையில் எண்ணெய் எப்படிப் பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. 'நீ சொன்னபடிதான்' என்று எழுதினீர்களே, ஒருமுறையாவது நான் சொன்னபடி செய்தீர்களா?

என் வேலை என்ன தெரியுமா? மறுபக்கம் இருக்கிறவன் சரியான அளவு சொல்கிறான் என்று நம்பி இந்தப் பக்கத்தைக் குடைவது. அவன் பொய் சொன்னால் எவ்வளவு குடைந்தாலும் இருட்டுதான்.

நர்ஸிடம் சொல்லி அழுதேன். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்றாள். பிள்ளை மனம் கல்லாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. கல்லைக் குடையத் தெரியும்.

இப்படிக்கு,
சர்வேயர்

ஜூலை 5

அன்புள்ள சர்வேயருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே குழந்தைக்கு லேசான காய்ச்சல் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் ஆன நாளாக எனக்குக் கிடைக்காத மரியாதை. வாங்கிக்கொண்டேன்.

பொய் எழுதினேன். ஆமாம். கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, நீ எழுதிய வரிசையில் எத்தனை நாள் முயன்றேன் தெரியுமா? கடைசியில் எண்ணெய்க் குப்பியைக் கண்டாலே கத்த ஆரம்பித்தாள். பிறகு என்னைக் கண்டாலே கத்தினாள். அம்மாவும் பக்கத்தில் இல்லை, அப்பாவைக் கண்டாலும் கத்தினால் அது யாரிடம் போகும்? ஒருநாள் யூனிஃபார்மைக் கொடுத்தே ஆக வேண்டும், வேறு வழி தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு மிதித்தேன். அடங்கினாள். கை தானாகப் போனது. கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா என்று யார் பார்த்தார்கள்? இதை உனக்கு எழுத நினைத்தபோதெல்லாம் அந்தக் கம்பளி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. நீ அங்கே அதை மடியில் போட்டு நீவிக்கொண்டிருக்கும்போது, 'உன் முறை இங்கே எடுபடவில்லை' என்று எந்தக் கையால் எழுதுவேன்?

திட்டு, தாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளை உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டதுபோல எழுதாதே. வருகிறவள் போகிறவள் எல்லாம் "ஐயோ, அம்மா இல்லாத கொழந்தை" என்று உச்சுக்கொட்டும்போது, "அம்மா இருக்கா. மலையைக் கொடையறா. நீங்க அளவு குடுத்துட்டுக் கெளம்புங்க" என்று சொல்கிறவன் நான்தான். வாயைக் கொடுத்து இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன்.

என் கை உன் கைக்குப் பதில் இல்லை. அது என் கை. வேறு என்ன செய்ய முடியும்? வேண்டுமானால் நீ வந்ததும் நான் எப்படிச் செய்கிறேன் என்று காட்டுகிறேன். கஷ்டமே இல்லை.

டெய்லர்

ஆகஸ்ட் 3

டெய்லருக்கு,

காய்ச்சல் விட்டதா? மருந்தை அளந்துதானே கொடுத்தாய்? எனக்குத் தூக்கம் இல்லை, வேறு நோய் இல்லை.

சுரங்கம் சேர்ந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட முன்பாகவே. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், மேலதிகாரி என் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வேலைக்குத்தானே அவளை விட்டுவிட்டு வந்தேன், வேலை நன்றாக முடிந்தபோது சந்தோஷப்படக்கூட முடியவில்லையே என்று எரிச்சல்.

பதின்மூன்றாம் தேதி வீட்டுக்கு வருகிறேன், ஒரேயடியாக. நான் வந்ததும் நீ கிளம்ப வேண்டும். உன் அண்ணன் வீட்டுக்குப் போ. ஒரு வாரம் இருந்துவிட்டு வா. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ வீட்டில் இருக்கும்வரை அவள் உன் மடிக்குத்தான் ஓடுவாள், நான் சுவர் ஓரமாக எண்ணெய்க் கையோடு நிற்பேன். இன்னொருமுறை என்னால் அப்படி நிற்க முடியாது. போன் செய்யாதே, உன் குரல் கேட்டால் கதவைத்தான் பார்ப்பாள். சேதி வேண்டுமென்றால் தபாலில் போடு, மறுநாளே கிடைத்துவிடும்.

எத்தனை மணிக்குப் பால், எப்போது தூக்கம் எல்லாம் சொல்லிவிட்டுப் போ. எப்படித் தடவுவது என்பதை மட்டும் நீ எனக்குக் காட்ட வேண்டாம். என் குழந்தையை எப்படித் தொடுவது என்று இன்னொருவர் காட்டி நான் கற்றுக்கொள்ள மாட்டேன்.

சர்வேயர்

ஆகஸ்ட் 16

அன்புள்ள சர்வேயருக்கு,

அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம், என்னைத் தவிர. பொட்டலம் எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

அவளை உன் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. முனைக்கடையில் நின்று ஒரு சோடா வாங்கினேன், குடிக்கவில்லை. திரும்பி வந்துவிடலாம் என்று பாதித் தெரு நடந்தேன். மாடிவீட்டு டீச்சர் எதிரே வந்து, "சண்டையா?" என்றாள். இல்லை, வேலை விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். பொய் எனக்குப் பழகிவிட்டது.

அண்ணி சும்மா இருப்பாளா? "பொண்டாட்டி ஊர்லேர்ந்து வந்தா புருஷன் வீட்டுக்கு ஓடுவான், இங்க என்னடா வீட்டைவிட்டு ஓடி வந்திருக்கே?" என்று காலையும் மாலையும் கேட்கிறாள். கை சும்மா இருக்கக் கூடாது என்று அவள் வீட்டுத் திரைச்சீலைகளைத் தைத்துக்கொடுக்க உட்கார்ந்தேன். மடி காலியாக இருந்தால் எனக்குத் தையல் நேராக வரவில்லை. இடது கை துணியைப் பிடிக்காமல் மடிக்குப் போகிறது. இரண்டு திரைச்சீலை கோணலாகிவிட்டது.

நீ செய்வது சரியில்லை. நேரில் சொல்ல வாய்க்கு வரவில்லை, எழுதிவிட்டேன். அவளுக்கு அம்மா இல்லாமல் இருந்தது போதும், இப்போது அம்மாவைக் கொடுக்க அப்பாவை எடுத்துவிட்டாய். சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

டெய்லர்

ஆகஸ்ட் 18

அன்புள்ள டெய்லருக்கு,

பொட்டலம் நலம். சாப்பிட்டாள். நேற்றும் சாப்பிட்டாள், அதற்கு முன்தினம் சாப்பிடவில்லை. நான் நலமா என்று கேட்டாய். படித்துவிட்டு நீயே சொல்.

முதல் நாள் உன் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கினால் விறைக்கிறாள். பாலைத் தட்டிவிட்டாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் முக்காலியில் உட்கார்ந்து மெஷினை மிதித்தேன். சத்தம் கேட்டதும் செருப்பைப் போட்டுவிட்டு அப்படி ஓடி வந்தாள், பார், முகமெல்லாம் சிரிப்பு. வந்து நிமிர்ந்து பார்த்தால் நான். அப்போது அவள் அழுததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உன்னை விரட்டியது நான், அழுவது அவள். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. அதைப் பார்த்து இன்னும் பயந்தாள்.

மறுநாள் தரையில் விரித்து, எண்ணெயை எடுத்துவைத்து, "வாடி தங்கம்" என்று கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பாபினை உருட்டிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனாள். மேசையைச் சுற்றிப் போவதுபோல. பிடித்து இழுத்துப் படுக்கவைத்திருக்கலாம், கை பரபரத்தது. ஆனால் படுக்கவைக்கவில்லை. பிறகு எண்ணெயை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். தோற்றுப்போய்த்தான் வைத்தேன். இனி இவள் உன் குழந்தை, நான் இந்த வீட்டில் ஒரு சர்வேயர் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

இன்று காலை அவளுடைய துவைத்த துணிகளைத் தரையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. வந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒரு காலுறையை மென்றாள். அப்புறம், திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது காலைத் தூக்கி என் தொடைமேல் போட்டாள். 'ம்' என்றாள். பிடி என்று ஒரு அதிகாரம். அந்த அதிகாரம் யாரிடமிருந்து வந்தது என்று நீ கேட்காதே.

எண்ணெய் எடுக்க எழுந்தால் காலை எடுத்துவிடுவாள். வெறும் கையாலேயே பிடித்தேன். பாதமா, கணுக்காலா, எது முதலில் என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, டெய்லர். முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல் ஆறிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றிப் போனேன். ரொம்ப நேரம் பிடித்தேன். கண்ணைச் செருகினாள். நீ பொய்யாக எழுதியது நிஜமாகவே நடந்தது. நான் அழுதேன், சத்தம் வராமல்.

பிறகு எனக்குப் பேராசை வந்துவிட்டது. வலது காலையும் எடுத்து மடியில் வைக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துத் தனக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டாள். மறுபடி தொட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து, கதவைக் கையால் காட்டி, "ப்பா" என்றாள். அழவில்லை. எனக்கு விளங்காததை விளக்குகிறவள்போலச் சொன்னாள். இடது காலை மட்டும் என் மடியிலேயே விட்டுவைத்திருந்தாள்.

நான் சொன்ன ஒரு வாரத்தை மறந்துவிடு. அண்ணியிடம் எதையாவது சொல்லிவிட்டு, இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் பேருந்தைப் பிடி. எனக்கு ஒரு கால் கொடுத்திருக்கிறாள். இன்னொன்றை உனக்கு என்று மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வந்து பிடி.

உன்,
சர்வேயர்